பாஸ் லினக்ஸைத் தூக்கச் சொன்னது யாரு?

இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன்.

2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஞாபகம் இருக்கும். அதில் அக்காவுக்குக் கிடைத்த ஒன்று எங்கள் சேந்தமங்கலம் வீட்டுக்கும் வந்தது. ஆன் செய்தால் விண்டோஸ் 7 வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் என்பது சென்னை சிடாக் ஆட்கள் டெபியனை வைத்துச் செய்தது. மெனுவைத் தமிழிலேயே காட்டும். இதையெல்லாம் அன்றைக்கு யாரும் அக்காவுக்குச் சொல்லித் தரவில்லை.

ஏதோ சாஃப்ட்வேர் போட நாமக்கல்லில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "அந்த இன்னொண்ணு வேஸ்ட்டுங்க, தூக்கிட்டா இடம் மிச்சம்" என்றார் கடைக்காரர். பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து ரீஸ்டார்ட் செய்தார். கறுப்புத் திரை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே வரி. அப்புறம் என்ன... ஃபுல் ஃபார்மட், திருட்டு விண்டோஸ், 300 ரூபாய் பில். அக்காவின் பிளஸ் டூ போட்டோ அத்தனையும் போச்சு!

இரண்டு சிஸ்டத்தில் எது வேண்டும் என்று கேட்பது கிரப். அதன் நுனி டிஸ்க்கின் முதல் செக்டாரில், மீதி லினக்ஸ் பார்ட்டிஷனில். மீதியை அழித்தால் நுனி அந்தரத்தில் தொங்கும். விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு பூட்ரெக் கட்டளையால் எம்பிஆரை முதலில் சரிசெய்துவிட்டு அழித்திருந்தால் ஒரு போட்டோ போயிருக்காது. அழித்த பிறகுகூட அதையே செய்திருக்கலாம், ஃபார்மட்டே தேவையில்லை. (இன்றைய யூஇஎஃப்ஐ மெஷினில் பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வையுங்கள், பிறகு அழியுங்கள்.)

நீக்கவே கூடாது என்று சொல்ல வரலை. நானே பி.காம்., டேலிக்கு விண்டோஸ் வேணும். ஆனால் முடிவு யாருடையது? மெஷின் வைத்திருப்பவருடையதா, ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவருடையதா?

இன்னொரு கூத்து. 'வேஸ்ட்' இல்லாத விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்திவிட்டது. மூலையில் கிடந்த அதே லேப்டாப்பில் போன வருஷம் நான் டெபியன் போட்டேன். மெதுவாகத்தான் ஓடுது, ஆனால் அப்டேட் வருது. அக்கா பையன் அதில்தான் பாட்டு கேட்கிறான்.

அந்த 300 ரூபாயை இப்ப யார்கிட்ட கேட்கிறது? :-)