கைப்பிடியைக் கவனியுங்கள்

சங்கத்திற்கு ஒரு மின் கருவி வாங்குவதென்றால், நிர்வாகிகள் விலையைக் கேட்கிறார்கள். மின் செலவைக் கேட்கிறார்கள். உத்தரவாதக் காலத்தையும் கேட்கிறார்கள். அதன் கைப்பிடி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.

ஜவ்வாது மலையில் இக்கேள்வி அற்பமானதன்று. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை பேருந்து செல்கிறது. அதற்கப்பால் பாதை முடியுமிடத்தில் வண்டி நின்றுவிடும். பிறகு மனிதர் கையும் தோளுமே வாகனம். சாமையும் புளியும் கொள்முதலாகும் காலத்தில் மின்னணுத் தராசு களத்திற்குக் களம் இவ்வாறுதான் போகிறது.

சென்ற அறுவடையின்போது நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு மலைச் சங்கத்தில், இறக்கத்தில் தராசின் கைப்பிடி பெயர்ந்து, தூக்கி வந்த அங்கத்தினரின் பாதம் நசுங்கியது. தராசு உடையவில்லை என்று கருதி எடை போடத் தொடங்கிவிட்டனர். நாம் படிக்கல்லை வைத்துப் பார்க்கச் சொன்னோம். எடை குறைவாகக் காட்டிற்று. அதற்குள் பதினொரு மூட்டை நிறுக்கப்பட்டிருந்தது. அவற்றை மீண்டும் நிறுத்துக் கணக்கைத் திருத்த நேர்ந்தது. கைப்பிடி ஒன்று போனதால் ஒருவருக்குக் காயம். பலருக்கு நட்டம் நேர இருந்தது.

இதற்கு அளவுகோல் இல்லாமலில்லை. அளவிடும் கருவிகள், ஆய்வகக் கருவிகள் முதலியவற்றின் பாதுகாப்புக்கான ஐஇசி 61010-1 என்னும் சர்வதேசத் தரம் தெளிவாக விதிக்கிறது. ஒற்றைக் கைப்பிடியாயின், கருவியின் எடையைப்போல் நான்கு மடங்கு விசையை அதன் நடுவே 7 சென்டிமீட்டர் அகலத்தில் செலுத்த வேண்டும். விசையைச் சீராகக் கூட்டி, 10 விநாடியில் முழு அளவை எட்டி, 1 நிமிடம் நிறுத்த வேண்டும். கைப்பிடி கழலவோ, விரியவோ, நிலையாக வளையவோ கூடாது. 20 கிலோ தராசுக்கு 80 கிலோ பாரம் என்பது கணக்கு. இரண்டு கைப்பிடிகள் இருந்தும் ஒன்றைப் பிடித்தே தூக்கக்கூடுமாயின், ஒவ்வொன்றும் முழு விசையையும் தாங்க வேண்டும்.

நான்கு மடங்கு மிகையென்று சிலர் எண்ணலாம். கால் இடறும்போதும், ஏற்றத்தில் வெடுக்கென்று இழுக்கும்போதும் கைப்பிடி தாங்குவது கருவியின் எடையை மட்டுமன்று. வெயிலில் பிளாஸ்டிக் நைந்துபோவதையும், திருகாணி தளர்வதையும் அத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். விழுந்த கருவியின் உட்கம்பி உறை கிழிந்தால் மின்னதிர்ச்சி அபாயமும் உண்டு. ஆதலால் ஆரணிப் பக்கத்து நெசவாள அங்கத்தினரும், தார் சுற்றும் மின்ராட்டையை வீட்டுக்கு வீடு மாற்றுகையில் இதை நினைவிற்கொள்வது நலம்.

இதனால் விலை ஏறும் என்பது நிர்வாகிகளின் ஆட்சேபம். சிறிது ஏறலாம்; மருத்துவச் செலவுக்கும் பழுதுச் செலவுக்கும் முன் அது பெரிதன்று.

நாம் கோருவது மூன்றே. விலைப்புள்ளி கேட்கும்போதே கைப்பிடிச் சோதனைச் சான்றையும் கேளுங்கள். மாதம் ஒரு முறை, மின் இணைப்பை நீக்கிவிட்டு, திருகாணியையும் விரிசலையும் பாருங்கள். கீழே விழுந்த தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்க்காமல் உபயோகிக்காதீர்கள். வாங்கிய கருவியில் நீங்களே நான்கு மடங்கு பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டாம். அது தயாரிப்பாளரின் கடமை.

நிறுவையில் நம்பிக்கை குலைந்தால் சங்கத்தில் நம்பிக்கை குலையும். அந்நிறுவையோ மலைப்பாதையில் ஒரு கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வருகிறது.