பேனலுக்கு முளைப்புத்திறன் கேட்போம்

"சைனா பேனலா? ஆறு மாசம் தாங்காதுப்பா."

கோவில்பட்டிப் பக்கம் யாராவது குறைந்த விலையில் சோலார் போட்டுவிட்டால் இதைச் சொல்ல நாலு பேர் உடனே வந்துவிடுகிறார்கள். சொல்கிறவர் ஒன்று, பேனலே வாங்காதவராக இருப்பார். இல்லையென்றால் ஒன்றரை மடங்கு விலை கொடுத்து வாங்கியவராக இருப்பார். முதலாமவரை விட்டுவிடலாம். இரண்டாமவரோடுதான் எனக்குச் சண்டை. கூடுதலாகக் கொடுத்த பணத்தையே தரச் சான்றிதழாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். காட்டில் போர் போட்டு, கையிலிருந்த காசுக்கு எட்டு பேனல் வாங்கி மாட்டிய சம்சாரியைப் பார்த்து "ஏமாந்துட்டான்" என்று வேறு சொல்கிறார்.

ஏமாந்தானா இல்லையா என்பது விலையைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமே இல்லை. இதுதான் என் கட்சி.

"உங்க பேனல் நல்ல பேனல்னு எதை வச்சுச் சொல்றீங்க அண்ணாச்சி?" என்று நான் கேட்டுப் பார்த்த இடங்களிலெல்லாம் இரண்டே பதில்தான் வந்தது. ஒன்று, "டயர் ஒன் கம்பெனி." இன்னொன்று, "இருபத்தஞ்சு வருஷ வாரண்டி."

'டயர் ஒன்' என்பது புளூம்பெர்க் நிறுவனத்தின் எரிசக்தி ஆய்வுப் பிரிவு போடும் பட்டியலிலிருந்து வந்த சொல். எந்தெந்தக் கம்பெனியின் பேனலை நம்பிப் பெரிய மின் திட்டங்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்திருக்கின்றன என்று பார்த்துத் தொகுக்கும் பட்டியல் அது. பேனலை யாரும் வெயிலில் வைத்துச் சோதித்து அதில் சேர்ப்பதில்லை. இதைத் தரத்தின் அளவாகக் கொள்ள வேண்டாம் என்று பட்டியல் போடுகிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மூர் விற்பனையாளர் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அச்சடித்துக் கொடுக்கிறார். இதில் வேடிக்கை, அந்தப் பட்டியலில் நிறைந்திருப்பவை சீனக் கம்பெனிகள்.

வாரண்டி விஷயம் இன்னும் கொஞ்சம் சோகமானது. பேனலுக்கு வாரண்டி இரண்டு. பொருள் பழுதானால் மாற்றித் தருவது ஒன்று; அது பெரும்பாலும் 10, 12 வருஷம். 25 வருஷம் கழித்தும் எண்பது சதவீத மின்சாரம் வரும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதை நிரூபிக்கும் வேலை வாங்கியவருடையது. பேனலைக் கழற்றி, சோதனைச் சாலைக்கு அனுப்பி, இத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று காகிதம் வாங்கி வர வேண்டும். வந்து நிற்கும்போது கம்பெனி இருக்க வேண்டும். 2011-இல் உலகிலேயே பெரிய பேனல் கம்பெனியாக இருந்த சன்டெக்கின் முக்கிய நிறுவனம் 2013-இல் திவாலானது. நம் நாட்டில் மோசர் பேயர் (ஆம், மலிவு விலையில் தமிழ்ப் பட சிடி போட்டார்களே, அவர்களேதான்) சோலாரிலும் பெரிய பெயர். 2018-இல் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவாயிற்று. இருபத்தைந்து வருஷ வாக்குறுதியை ஏழு வருஷக் கம்பெனி கொடுக்கிறது. கேட்டுக்கொள்கிறவர் கையில் பேத்திக்குச் சேர்த்த நகைக் காசு.

சரி, மலிவுப் பேனல் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் போட்டால் நாளுக்கு 12, வருஷத்துக்கு 4,380 யூனிட். விலை உயர்ந்த பேனலுக்கும் குறைந்ததற்கும் வாட்டுக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். மொத்தம் 15,000 ரூபாய். நல்ல பேனல் வருஷத்துக்கு 0.6 சதவீதம் தேய்கிறது, மலிவானது 1.5 சதவீதம். மலிவுக்கு எதிராகவே கணக்குப் போடுகிறேன். பத்து வருஷத்தில் மலிவுப் பேனல் கூடுதலாக இழப்பது ஏறக்குறைய 1,970 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் 10,000 ரூபாய்கூட இல்லை. பதின்மூன்றாம் வருஷத்தில்தான் விலை உயர்ந்தது முந்துகிறது. அந்த 15,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தால் இரண்டு வருஷ வட்டியே 10,800. "நல்லதா வாங்கு" என்று சொல்லும் நண்பர் இந்த வட்டியைக் கட்டித் தருவாரா?

வெப்பத்தை வைத்தும் பயமுறுத்துவார்கள். பேனலின் திறனை அளப்பது 25 டிகிரியில். சித்திரை மத்தியானம் நம்ம பக்கம் பேனலின் சூடு 65 டிகிரிக்குப் போகும். பழைய பாலி வகை டிகிரிக்கு 0.4 சதவீதம் இழக்கும், புதிய டாப்கான் வகை 0.3. நாற்பது டிகிரிக்கு வித்தியாசம் 4 சதவீதம். அவ்வளவுதான். ஆடி மேல்காற்றில் கரிசல் புழுதி படிந்த பேனலை ஒரு மாசம் கழுவாமல் விட்டால் அந்த 4 சதவீதத்தைப் புழுதி தின்றுவிடும்.

அப்படியென்றால் மலிவுப் பேனலில் மோசடியே இல்லையா? இருக்கிறது. தேய்மானத்தில் தேடுகிறார்கள், அது ஸ்டிக்கரில் இருக்கிறது.

கடையில் மூன்றடிக்கு இரண்டடி பேனல் ஒன்றைப் பார்த்தேன். பின்னால் '200 வாட்' என்று ஒட்டியிருந்தது. இன்றைக்குச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல பேனல்கூட ஒரு சதுர அடிக்கு 20, 21 வாட்தான் தரும். பழைய பாலி என்றால் 16. ஆறு சதுர அடியில் 126 வாட்டுக்கு மேல் வராது. அந்த வகைக்கு 100 வந்தாலே பெரிது. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டாம், தையற்காரர் டேப் போதும். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, 21-ஆல் பெருக்குங்கள். ஸ்டிக்கர் அதைத் தெளிவாகத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வித்தை மல்டிமீட்டர். கடைக்காரர் பேனலை வாசலில் சாய்த்து வைத்து, மீட்டரை வைத்து, "பாருங்க, 21 வோல்ட்! கம்பெனி பேனல்லயும் இதேதான்" என்பார். உண்மைதான், அதில் பொய்யே இல்லை. எதையும் இணைக்காமல் அளந்தால் நொந்துபோன பேனலும் ஏறக்குறைய அதே வோல்ட்டைக் காட்டும். கிணற்று ஆழத்தைக் காட்டி ஊற்று நல்லாயிருக்கு என்று சொல்வது மாதிரி. பார்க்க வேண்டியது ஆம்பியரை. உச்சி வெயிலில் சூரியனுக்கு நேராக வைத்து, இரண்டு முனையையும் மீட்டர் வழியே சேர்த்து எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்த்து, ஸ்டிக்கரில் 'ஐஎஸ்சி' என்று போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். (மீட்டர் அத்தனை ஆம்பியரைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பெரிய பேனல் என்றால் மின்பணியாளரை விட்டே செய்யச் சொல்லுங்கள்.)

இந்த ஊரில் இதையெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வியப்பு. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்குள்ள சம்சாரிக்கு விதையை எப்படி வாங்குவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சான்று பெற்ற விதையென்றால் நீல அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், சோதித்த தேதி என்ன, எந்தக் குவியல். விதைச் சட்டம் வந்தது 1966-இல். சான்று பெறாத விதைக்குக்கூட 'உண்மைநிலை விதை' என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள்: பைக்குள் இருப்பது இதுதான் என்று விற்கிறவர் எழுதிப் பொறுப்பேற்க வேண்டும். சந்தேகமிருந்தால் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். விலை குறைந்த விதை என்பதற்காக யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. அட்டை இல்லாமல் வாங்கினால்தான் செய்வார்கள்.

பேனலுக்கும் அந்த அட்டை உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் முன் ஒவ்வொரு பேனலையும் சூரிய ஒளி போன்ற ஒரு மின்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் காட்டி அளக்கிறார்கள். 'ஃபிளாஷ் டெஸ்ட்' என்று பெயர். வரிசை எண் வாரியாக வாட், வோல்ட், ஆம்பியர் எல்லாம் பதிவாகிறது. அரசுத் திட்டங்களுக்குப் போகும் பேனலுக்குள் ஒரு ஆர்எஃப்ஐடி சில்லு இருக்க வேண்டும், அதில் செய்தவர், செல் செய்தவர், மாதம், வருஷம், அளவீடு எல்லாம் இருக்க வேண்டும் என்று மத்திய அமைச்சகத்தின் விதியே இருக்கிறது. சரி, அதை வாசிக்கும் கருவி கோவில்பட்டியில் யாரிடம் இருக்கிறது? என் தொழிலில் தரவை எடுத்து வைத்துக்கொண்டு பயனருக்குக் காட்டாமல் இருப்பதைப் பற்றி மணிக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுவோம். இங்கே 25 வருஷத்துக்கு ஒரு பொருளை விற்கிறார்கள், அதன் அளவீட்டுத் தாளைக் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சார், நான் இருக்கேன்ல" என்கிறார்கள்.

கமுதியில் 2016-இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. அந்த அளவுக்கு வாங்குகிறவர் யாரும் ஸ்டிக்கரை நம்பி வாங்குவதில்லை. தொழிற்சாலைக்கே ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், மாதிரியை எடுத்துச் சோதிப்பார்கள், செல்லில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே போன்ற படம் கேட்பார்கள். அந்தச் சல்லடையில் நிற்காத பேனல் கடலில் கொட்டப்படுவதில்லை. 'பி கிரேடு' என்று எங்கேயோ ஒரு கடைக்கு வருகிறது. வரட்டும்! செல்லில் நிறம் மாறியிருக்கிறது, சட்டத்தில் கீறல் இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுத்தால் அது நல்ல சரக்கு. பெரிய நிலையத்தில் கழற்றிய, எண்பத்தைந்து சதவீதம் மிச்சமிருக்கும் பழைய பேனல் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் அதுவும் நல்ல சரக்குதான். சொல்லாமல் விற்பதுதான் திருட்டு. 2024-இல் மட்டும் பாகிஸ்தான் சுமார் 17 ஜிகாவாட் பேனலை இறக்குமதி செய்தது. மின்வெட்டையும் மின்கட்டணத்தையும் பொறுக்க முடியாத ஜனங்கள் மலிவுப் பேனலைத் தாங்களே வாங்கிக் கூரையில் ஏற்றினார்கள். 'மலிவு உதவாது' என்பவர்கள் அங்கே போய்ச் சொல்லட்டும்.

நம்ம பக்கம் அரசின் உதவி யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும் கட்டாயம். கங்கைகொண்டானில் டாடாவின் 4.3 ஜிகாவாட் தொழிற்சாலை ஓடுகிறது, நம்ம பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், சந்தோஷம். ஆனால் அது தொழிற்கொள்கை. அதைத் தரச் சான்றாக விற்காதீர்கள். மேலும் அந்த மானியம் காரை வீடும் கனமான கரண்ட் பில்லும் இருப்பவருக்குத்தான் ருசிக்கும். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் குடித்தனம் நடத்தும் தகரக் கூரை வீட்டுக்காரர் அதை வைத்து என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது காட்டில் தண்ணீர். இலவச மின் இணைப்புக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். அரசின் சோலார் பம்புத் திட்டத்தில் பொதுப்பிரிவு சம்சாரி கட்ட வேண்டிய பங்கு 40 சதவீதம். அதுவும் முடியாதபோதுதான் கடைக்குப் போகிறார். அங்கே அவரைக் காப்பாற்ற எந்த விதியும் எழுந்து வருவதில்லை.

அவரிடம் நான் பேனலைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். கால்களைப் பற்றிப் பேசுவேன். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டடிக் குழியில் கான்கிரீட் கொட்டி நிறுத்திய கால் மூன்று மழைக்குள் சாயும். கால் சாய்ந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடிக்குள் செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வெடிப்பு முடியும் ஆழத்துக்கும் கீழே குழி போக வேண்டும். ஐஐடி பம்பாயும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் நாடு முழுக்கச் செய்த கள ஆய்வுகளில், பெரிய நிலையங்களைவிடச் சின்ன, கூரை அமைப்புகளிலேயே பேனல்கள் அதிகம் தேய்ந்திருந்தன. தூக்கும்போதும் மாட்டும்போதும் விழும் கீறல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேலே ஏறி நின்று போல்ட்டு முடுக்கினால் எந்தக் கம்பெனி பேனலும் அதே கதிதான். பேனலில் மிச்சம் பிடித்த பணத்தில் பாதியைக் காலில் போடச் சொல்லுங்கள்.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில் இன்றைக்குத் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. பல கோடி ரூபாய் இயந்திரத்தை வாங்குகிறவருக்கு, இது சொன்ன மின்சாரத்தைத் தருகிறதா என்று அளந்து சொல்ல அரசே இடம் வைத்திருக்கிறது. அங்கிருந்து கோவில்பட்டிக்கு அரை மணி நேரம். 8,000 ரூபாய் பேனலை அளந்து சொல்லவும் ஓர் இடம் வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஃபிளாஷ் டெஸ்ட் கருவி ஒன்று, சில்லை வாசிக்கும் கருவி ஒன்று, மாணவர்கள் இரண்டு பேர். விதைப் பரிசோதனை மாதிரியே ஒரு கட்டணம். திங்கட்கிழமை காலையில் திறந்தால், சரக்கு வேனில் பேனலை ஏற்றிக்கொண்டு முதலில் வந்து நிற்பவர் யாரென்று எனக்குத் தெரியும். இரண்டாவதாக அந்தக் கடைக்காரர் வருவார், நடந்தே, கையில் பேனல் இல்லாமல்.