வனப்பின் விலை

"இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும்" என்று தொடங்காத பிரயாணக் கட்டுரையை நம்மவர் ஏடுகளிலே காண்பது அரிது. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். மாணவர்தம் கட்டுரைகளில் இத்தொடரை எத்தனை ஆயிரம் தடவை கண்டு, ஓரத்தில் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதியிருப்பேனோ அறியேன். சென்ற ஆண்டு பன்னிரண்டு நாட்கள் கொஸ்டாரிக்கா நாட்டிலே மோட்டார் வண்டியில் சுற்றிவந்தபின், அந்த 'நன்று'களுட் பலவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போல் இருக்கின்றது. அதற்கான காரணத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்திய அமெரிக்காவில், நிக்கராகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையே, இரு பெருங்கடல்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் சிறு நாடு அது. பரப்பளவு ஏறத்தாழ 51,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கைத் தீவிலும் சிறியது. அதன் தலைநகரான சான் ஹோசே, யாழ்ப்பாணம் கிடக்கும் அகலக்கோட்டுக்கு மிக அண்மையிலேயே கிடக்கின்றது. மாலை ஆறு மணிக்குத் திடீரென இருள் கவிவதும், வேலியோரத்து வாழையும் மாவும் எனக்குப் புதியனவல்ல. கனடாவில் வாழும் என் தம்பியின் மகள், பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி கற்றவள், என்னை அழைத்துச் சென்றாள். வாடகைக்கு எடுத்த, நான்கு சில்லும் இழுக்கும் வண்டியை ஓட்டியவள் என் பெறாமகள். வழிப்படத்தை மடியில் விரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் நான்.

வழிப்படம் பெரிதும் உதவவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாட்டில் வீட்டிலக்கமும் தெருப்பெயரும் சொல்லி வழிகேட்பார் குறைவு. "கோயிலிலிருந்து வடக்கே 200 மீற்றர்" என்பதே முகவரி. தலைநகரை அடுத்த சான் பெத்ரோவில் பலர் "பழைய அத்திமரத்திலிருந்து" என்று தூரம் கணித்துச் சொன்னார்கள். அம்மரத்தை நாங்கள் தேடினோம். அது போய் நெடுங்காலமாயிற்று. முகவரி மட்டும் நிற்கின்றது!

கூட்டத்தோடு பஸ் வண்டியிற் செல்பவர்க்குக் காடு, எரிமலை, கடற்கரை என்று காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும். இடையில் அவர் உறங்கலாம். சொந்தமாக வண்டியோட்டிச் செல்பவர்க்கோ உறக்கமில்லை. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே கிடக்கும் நாட்டையும் அவர் பார்த்தே ஆகவேண்டும். ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க பாலங்களில், எதிர்ப்புறத்தார்க்கு வழிவிட்டுக் காத்து நிற்கவேண்டும். மழையில் மண் சரிந்தால் மணிக்கணக்காக ஊரவரோடு ஊரவராய் வீதியில் இருக்கவேண்டும். இத்தகைய பிரயாணத்தின் பயன் சுதந்திரம் என்று விளம்பரக்காரர் கூறுவர். அதன் உண்மையான பயன் இந்த இடைவெளிகளே என்பேன்.

சான் ஹோசேயிலிருந்து கரீபியக் கடலை நோக்கிச் செல்லும் பெருவீதி, பிராவுலியோ கரியோ தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போகின்றது. சுரங்கவழியைக் கடந்ததும் இருமருங்கும் பச்சை மலைச்சுவர். மரத்தின்மேல் மரம், அதன்மேல் பாசி, பாசியின்மேல் முகில். ஓரிடத்தில் பாலத்தின் கீழ், எரிமலை மண்ணின் கனிமங்களால் மஞ்சள் படிந்த ஓர் ஆறும் பளிங்கு போன்ற மற்றோர் ஆறும் கலக்கின்றன. இரு நிறமும் சிறிது தூரம் கலவாமலே ஓடுகின்றன. அன்றிரவு என் குறிப்புப் புத்தகத்தில் 'மனிதன் கைபடாத கன்னிவனம்' என்று எழுதினேன்.

அது பிழை. அவ்வீதியைத் திட்டமிட்டபோதே, வீதி போகுமிடமெல்லாம் கோடரியும் போகும் என அஞ்சியோர் பலர் இருந்தனர். அவர்தம் வற்புறுத்தலின் பயனாகவே 1978இல் அப்பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. வீதி 1987இல் திறக்கப்பட்டது. நான் கண்ட பச்சைச் சுவர், மனிதர் வாதாடிப் பெற்ற உடன்படிக்கை.

மறுநாள் சராபிக்கி என்னும் தாழ்நிலப் பகுதியில் ஒரு கமக்காரரின் குடிலில் தங்கினோம். எழுபதைத் தாண்டிய முதியவர். வீட்டின் பின்புறமே காடு. ஊளைக்குரங்குகளின் முழக்கம் கேட்டபடி இருந்தது. அக்காட்டை நான் புகழ, பெறாமகள் மொழிபெயர்க்க, அவர் சிரித்துவிட்டார். "பெரியப்பா, இது காடில்லையாம். இவர் சின்னப் பெடியனாய் இருக்கேக்கை மாடு மேய்ச்ச தரையாம்" என்றாள் அவள். தகப்பனும் தாமுமாக 1960களில் அந்நிலத்துப் பெருமரங்களைத் தறித்து வீழ்த்திய கதையை அவர் விரிவாகச் சொன்னார்.

அவர் குற்றவாளியல்லர், சட்டத்தின்படி நடந்தவர். காட்டை வெட்டுவது நிலத்தை 'மேம்படுத்தல்' எனக் கருதப்பட்ட காலம் அது. வெட்டியவனுக்கே உரிமை எளிதிற் கிடைத்தது. வட அமெரிக்கச் சந்தைக்கு மாட்டிறைச்சி அனுப்பினால் வங்கிக் கடனும் கிடைத்தது. இவ்வாறு, 1940களில் நாட்டின் முக்காற்பங்கை மூடியிருந்த காடு 1980களில் காற்பங்கு அளவுக்குச் சுருங்கிற்று. இன்று மீண்டும் பாதிக்குமேல் காடாக இருக்கின்றது. இந்த மீட்சிக்கு இயற்கை அன்னையை மட்டும் வணங்கினாற் போதாது. இறைச்சி விலை வீழ்ந்ததும் ஒரு காரணம். 1996ஆம் ஆண்டின் வனச் சட்டம் மற்றொரு காரணம். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை அச்சட்டம் தடுத்தது. அத்துடன், காட்டை வைத்திருப்பவனுக்கு அதன் பொருட்டுப் பணம் கொடுக்கவும் வழிசெய்தது.

எதற்குப் பணம்? சட்டம் நான்கு சேவைகளை வகுத்துரைக்கின்றது: வெப்பத்தைத் தேக்கும் வாயுக்களைக் குறைத்தல், நீரைப் பேணல், உயிர்வகைகளைப் பேணல், நான்காவதாக இயற்கை வனப்பு. நம் மாணவர் கட்டுரையில் அலங்காரமாக வந்து போகும் அதே வனப்பு, அங்கே நாட்டுச் சட்டத்தில் ஊதியத்துக்குரிய பொருளாக இருக்கின்றது! அவ்வூதியத்துக்கான பணமோ பெரும்பாலும் எரிபொருள் வரியிலிருந்து வருகின்றது. வரி வருமானத்தில் நூற்றுக்கு 3.5 பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. எங்கள் வண்டி குடித்த பெற்றோலின் ஒவ்வொரு லீற்றரிலும் ஒரு சிறு துளி காட்டுக்குப் போயிருக்கின்றது. புகை கக்கியவாறு காட்டைப் பார்க்கச் செல்பவன் காட்டுக்கு ஒரு காசு கட்டிவிட்டுப் போகட்டும் என்னும் இந்த ஏற்பாட்டில் ஒருவகை நியாயம் உண்டு. பாவம் முழுதும் கழிந்துவிடும் என நான் சொல்லவில்லை.

முதியவரும் அவ்வாறு சொல்லவில்லை. ஊதியம் சிறிது என்றார். அவரிடம் இன்னும் ஒரு துண்டு மேய்ச்சல் நிலம் எஞ்சியிருந்தது. அதில் இளமரங்கள் தலையெடுத்திருந்தன. "இன்னும் சில வருடம் விட்டால் சட்டம் இதையும் காடு என்றுவிடும். பிறகு தொட முடியாது. இப்பொழுதே வெட்டிவிட்டால் அன்னாசித் தோட்டத்துக்குக் குத்தகை விடலாம், மகன் அதைத்தான் கேட்கிறான்" என்றார். மறுநாள் மேற்கு நோக்கிச் செல்கையில் அந்த அன்னாசித் தோட்டங்களைக் கண்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத சிவந்த மண். வரிசை வரிசையாக முட்செடி. அன்னாசி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடும் அதுவே. காடு திரும்பிய நாடு என்பது உண்மை. காடு நிலைத்துவிட்ட நாடு என்பது இன்னும் உறுதியாகவில்லை.

எரிமலையைப் பற்றிச் சொல்லாவிடின் வாசகர் குறைப்படுவர். அரெனால், கூம்பு வடிவில் நிமிர்ந்து நிற்கும் அழகிய மலை. நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்தது 1968 யூலை 29ஆந் திகதி காலை வெடித்தது. தபகோன் முதலிய கிராமங்கள் அழிந்தன. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010 வரை தணலுமிழ்ந்து, பின்னர் அடங்கியுள்ளது. அக்கிராமம் இருந்த பக்கத்தில் இன்று வெந்நீரூற்றுக் குளியலிடங்கள் இருக்கின்றன. அங்கே கழுத்தளவு நீரில் இருந்துகொண்டு மலையை 'எழில்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அங்கிருந்து மொன்டேவெர்தே மலைக்குப் பறவை பறந்தால் முப்பது கிலோமீற்றரும் இராது. ஏரியைச் சுற்றிச் செல்லும் வண்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அம்மலையின் முகிற்காடு தப்பியதற்குக் காரணம் ஒரு போர் மறுப்பு. 1948இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், ஹோசே ஃபிகேரெஸ் என்னும் தலைவர் தலைநகரக் கோட்டைச் சுவரைச் சம்மட்டியால் தட்டி, இராணுவம் இனி இல்லை என அறிவித்தார். 1949ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை உறுதிசெய்தது. கோட்டை தேசிய நூதனசாலையாயிற்று. சன்னம் பாய்ந்த துளைகள் அதன் சுவரில் இன்னும் உள. அத்துளைகளின் முன் நானும் பெறாமகளும் நெடுநேரம் பேசாது நின்றோம். எம் ஊர்ச் சுவர்களையும் அறிந்தவர்க்கு அந்த மௌனத்தை விளக்க வேண்டியதில்லை.

இராணுவமில்லா நாடு என்று கேள்வியுற்றே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து குவேக்கர் சமயக் குடும்பங்கள் சில 1951இல் அங்கு குடியேறின. படைச்சேவையை மறுத்துச் சிறை சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பாற்பண்ணை வைத்துப் பிழைத்த அவர்கள், தங்கள் நீரூற்றுக்களின் பொருட்டு மலையுச்சிக் காட்டை வெட்டாது விட்டனர். 1972இல் உருவான காப்பகத்துக்கு அதுவே அடித்தளம்.

ஆயினும் காவல் மட்டும் போதுமா? அம்மலையில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை ஒன்று 1966இல் அறிவியலார்க்கு அறிமுகமாயிற்று. 1987இல் ஆயிரத்துக்கு மேல் காணப்பட்டது, 1989இல் ஒன்றே ஒன்று, அதன்பின் இல்லை. மரம் ஒன்றும் வெட்டப்படாமலே அது மறைந்தது. பங்கசு நோயும் காலநிலை மாற்றமும் காரணம் என்பர். வேலிக்குள் வராது என நினைத்தது காற்றோடு வந்தது. நம்நாட்டவர்க்கு இது புதுக்கதையன்று. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு என்னும் பங்கசு நோய், நம் மலைநாட்டுக் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு இடம்வைத்தது. நூறாண்டுக்குப் பின், 1983இல், அதே நோய் கொஸ்டாரிக்காவின் கோப்பித் தோட்டங்களையும் எட்டிற்று.

பசுபிக் கரையில் எங்கள் பிரயாணம் முடிந்தது. தார்க்கோலெஸ் ஆற்றுப் பாலத்தின் கீழ் முதலைகள் வெயில் காய்ந்தன. அதன் பின் பர்ரீத்தா ஊரைச் சூழ நெடுந்தூரம் எண்ணெய்ப்பனைத் தோட்டம்; வாழைத் தோட்டங்கள் நோயால் அழிந்தபின் நடப்பட்டவை. அப்பால் மனுவெல் அந்தோனியோ கடற்கரை. வெண்மணலும் வெண்முகக் குரங்கும் நிறைந்த அவ்விடத்தைப் பிறநாட்டார் வாங்கி வாயிலடைத்தபோது ஊர்மக்கள் எதிர்த்தெழுந்தனர். 1972இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1977ஆம் ஆண்டின் சட்டப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீற்றர் கரை பொதுமக்களுக்கே உரியது. அம்மணலில் உள்ளூர்க் குடும்பங்கள் சோற்றுப் பானையோடு வந்து அமர்ந்திருந்ததைக் கண்டேன். பிரயாணம் முழுவதிலும் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த காட்சி அதுவே.

இவற்றையெல்லாம் நான் எழுதுவது அந்நாட்டைப் புகழ்ந்து நம்மை இகழ்வதற்கன்று. நம்மிடமும் இத்தகைய கதை உண்டு. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராசாக் காட்டில் இயந்திரங்கள் புகுந்து மரம் தறித்தன. எதிர்ப்பு வலுத்ததால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. ஆனால் சிங்கராசாவைப் பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் அந்த எதிர்ப்பைப் பற்றி ஒரு வரியேனும் வருவதில்லை. பறவைகள் பாடும், அருவிகள் ஆடும், அவ்வளவே. இயற்கை தானாக வந்தது, தானாகவே நிற்கும் என்னும் நம்பிக்கையை இத்தகைய கட்டுரைகள் பிஞ்சு மனத்தில் ஊன்றுகின்றன. தானாக நிற்கும் என்று நம்புபவன் அதற்காக ஒருநாளும் எழுந்து நிற்கமாட்டான்.

எனவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'இயற்கை எழில்' என்னும் தலைப்பைச் சில தவணைகளுக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஊரில் இன்னும் தூராத ஒரு குளம், இன்னும் தறிக்கப்படாத ஒரு மருதமரம், இன்னும் வேலியடைக்கப்படாத ஒரு கடற்கரைத் துண்டு இருக்கும். அது ஏன் இன்னும் இருக்கின்றது, யார் வாதாடினார், யார் நட்டப்பட்டார், இனி யார் காப்பார் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். உவமையும் அடைமொழியும் குறைந்து போகலாம். எழுத்துப் பிழையும் இருக்கலாம். எனினும் அத்தகைய கட்டுரை ஒன்று என்னிடம் வருமாயின், இம்முறை 'நன்று' என்று எழுத எனக்குத் தயக்கம் இராது.