ராயபுரத்து மீனவரும் எரேமியாவின் வலையும்

ராயபுரம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு மீனவர் இருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை இராயப்பர் என்பார்கள். அவர் பெயரால் அமைந்த ஆலயம்தான் ஊருக்கும் பெயர் தந்தது என்று பரவலாகச் சொல்வதுண்டு. மீன் பிடித்துக்கொண்டிருந்த அவரை, இனி மனிதரைப் பிடிக்கலாம் வா என்று இயேசு அழைத்ததாக மத்தேயு (4:19) சொல்கிறார்.

இந்த உவமை புதிதல்ல நண்பர்களே! கடவுள் மீனவர்களை அனுப்பி மக்களைப் பிடிப்பார் என்று சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பே எரேமியா (16:16) எழுதிவிட்டார். ஆனால் அடுத்த வசனங்களைப் படித்துப் பாருங்கள்... அது தண்டனை! ஆபகூக்கிலும் (1:15) வலை கொடியவன் கையில்தான்.

அடிக்கடி 'நிறைவேறிற்று' என்று சுட்டிக்காட்டும் மத்தேயு, இங்கே எரேமியாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே இது மறைந்திருந்த தீர்க்கதரிசனம் என்பார்கள் சிலர். வெறும் முன்னறிவிப்பு என்றால் அர்த்தம் ஏன் தலைகீழாக வேண்டும்?

லூக்கா (5:10) எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு 'உயிரோடு பிடித்தல்' என்று பொருள். வலையில் ஏறிய மீன் பிழைக்காது என்பது காசிமேட்டில் யாருக்கும் தெரியும். பயமுறுத்திய வலையை சுவிசேஷம் காப்பாற்றும் வலையாக்கிவிட்டது.

எபிரேய வேதத்தை வெறும் ரகசியக் குறிப்பாகப் படித்தால் இது கண்ணில் படாது. யூதர்கள் தங்கள் வேதத்தையே புரிந்துகொள்ளாதவர்கள் என்ற பழியும் அப்படிப்பட்ட வாசிப்பில் வளர்ந்ததுதான். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

முதலில் எரேமியாவை எரேமியாவாகப் படியுங்கள். பிறகு இராயப்பரிடம் வாருங்கள்.