மூளை சாட்சி சொல்லுமா?

2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் மூளை மின்னலைப் பதிவையும் சான்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான வல்லுநர் குழு, இச்சோதனை அறிவியல் அடிப்படையற்றது என்றது. 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், இசைவின்றி இதனைச் செய்தல் கூடாதென்று தீர்ப்பளித்தது. இசைவு பெற்றால் மட்டும் பிழையான கருவி மெய்யுரைக்குமோ? காவலில் இருப்பவர் தரும் இசைவுதான் எத்தகையது?

நினைவு என்பது ஒளிப்பதிவன்று; நினைக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வுகள் உணர்த்துவது இதுவே. விசாரணையில் மீண்டும் மீண்டும் கேட்டு மனத்தில் கண்டவரையும், உண்மையில் செய்தவரையும் மின்முனைகள் பிரித்தறியும் என்போர், அதனைத் தம் சார்பற்ற ஆய்வகங்களில் நிறுவிக் காட்டட்டும். அதுவரை இக்கருவி நீதிமன்ற வாயிலுக்கு வெளியே நிற்கட்டும். இத்துறையைக் கற்ற நாம் வாளாவிருந்தால், அதற்கு விலை கொடுப்பவர் கூண்டில் நிற்பவரே.