பத்துப் பொருத்தமும் ஒரு வகுத்தல் கணக்கும்

ஹெட்போன் பித்துப் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால், காப்பி வருவதற்குள் பேச்சு ஜாதகப் பொருத்தத்துக்கு வந்துவிடும். “சென்ஹைசர் எச்.டி. 650-க்கு வால்வு ஆம்ப்தான் சார் செட் ஆகும்.” “எச்.டி. 800-ஐ டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் போட்டீங்கன்னா காதைக் கிழிச்சிடும்.” “பிளேனர் வாங்குறீங்களா? அப்ப நல்லா கரன்ட் குடுக்கிற ஆம்ப்பா பாருங்க.” மூன்றிலும் உண்மை இருக்கிறது. அதற்குச் சொல்லப்படுகிற காரணம்தான் பெரும்பாலும் கட்டுக்கதை. வால்வுக்கு உயிர் இருக்கிறதாம், டிரான்சிஸ்டர் ஜடமாம்.

எச்.டி. 650-ஐயே எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்தது, இன்னும் விற்கிறது. அட்டைப்பெட்டியில் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம் என்று போட்டிருக்கும். அது ஒரு பேச்சுக்குச் சொல்கிற எண்தான். உள்ளே இருக்கும் சவ்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தன் இயல்பிலேயே அதிரத் துடிக்கும். அந்த இடத்தில் இம்பீடன்ஸ் 500 ஓம் வரை ஏறிவிடுகிறது. அதற்கு ஜோடியாகப் பலரும் சொல்லும் வால்வு ஆம்ப், அமெரிக்காவின் பாட்டில்ஹெட் கம்பெனி பாகங்களாக விற்கும் ‘கிராக்’. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரகம். அதன் சொந்த இம்பீடன்ஸே சுமார் 120 ஓம். இப்போது ஆம்ப் தரும் வோல்டேஜை இந்த 120-ம் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 71 சதவீதம். 500 ஓமுக்கு ஏறிய இடத்தில் 81 சதவீதம். வித்தியாசம் ஏறத்தாழ 1 டெசிபல், அதுவும் கீழ்ஸ்தாயியில் மட்டும். “வார்ம்”, “பாடி இருக்கு” என்று வால்வுக்காரர்கள் உருகுவதில் பெரும்பங்கு இந்த 1 டெசிபல்தான். வால்வு சேர்க்கும் மெல்லிய ஹார்மோனிக் கலப்பும் கொஞ்சம் இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஒரு நண்பர் வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தோம். இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு வால்வு ஆம்ப், ஒரே எச்.டி. 650. முதலில் இஷ்டப்படி வால்யூம் வைத்துக் கேட்டபோது ஆளுக்கொரு தீர்ப்பு. எது சற்று உரக்கப் பாடியதோ அதுவே எல்லோருக்கும் ‘தெளிவு’. இதில் ஆச்சரியமே இல்லை. சத்தம் குறைந்தால் காதுக்கு முதலில் தேய்வது கீழ்ஸ்தாயி என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைந்து காட்டிவிட்டார்கள். வால்யூமை ஒரு துளி கூட்டினால் போதும், எந்த ஆம்ப்பும் நிறைவாக ஒலிக்கும்.

பிறகு நண்பர் மல்டிமீட்டரை எடுத்தார். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே முனைகளில் வோல்டேஜை அளந்து, மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். வோல்டேஜ் ஒரு சதவீதம் பிசகினாலே ஏறக்குறைய 0.1 டெசிபல் தப்பு. குமிழியை நகத்தால் தொட்டுத் தொட்டுத் திருப்பினார். மீட்டரில் எண் எகிறும், மறுபடி திருப்புவார். எங்களுக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். அவர் பிளக்கை மாற்றினார். இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கும் நடுவே எங்களில் யாருக்கும் நிச்சயமாக வித்தியாசம் பிடிபடவில்லை. ஒன்றின் விலை இன்னொன்றைப்போலப் பல மடங்கு. வால்வு வந்தபோது தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் கனத்தது. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஓரடி முன்னால் வந்து நின்றது. கேட்க நன்றாகவே இருந்தது. ஈக்வலைசரில் அதே இடத்தில் 1 டெசிபல் ஏற்றினால் காசில்லாமல் ஏறக்குறைய அதே சுகம் கிடைக்கும். இதைச் சொன்னால் வால்வுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எச்.டி. 800 விஷயமும் இதேதான். 2009-இல் வந்த அந்த ஹெட்போனுக்கு 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துருத்தல் உண்டு. வயலின் சில சமயம் சீறும். அந்தத் துருத்தலை எந்த வால்வும் செதுக்கி எடுக்காது. இதற்கும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இம்பீடன்ஸ் மேடு இருப்பதால், வால்வு ஆம்ப் கீழே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். கீழே கூடினால் மேலே உள்ளது உறுத்தாது. சென்ஹைசரே பின்னால் எச்.டி. 800 எஸ்-ஐக் கொண்டுவந்தபோது, காதுக்கூட்டுக்குள் ஓர் ஒலி உறிஞ்சியை வைத்துத்தான் அந்தத் துருத்தலை அடக்கியது. கோளாறு ஹெட்போனில் இருந்தது; வைத்தியமும் ஹெட்போனுக்குத்தான் நடந்தது.

மூன்றாவது வாக்கியம், பிளேனருக்கு நல்லா கரன்ட் வேண்டும் என்பது, சுத்த மின்திறன் கணக்கு. தட்டையான சவ்வு முழுவதையும் காந்தங்களால் அசைக்கும் பிளேனர் ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா ஸ்தாயியிலும் ஒரே நேர்கோடு. அதனால் மேலே சொன்ன பங்குபோடும் வித்தை அங்கே பலிக்காது. ஆனால் ஹைஃபைமேனின் எச்.இ.-6 மாதிரி ஒரு சோம்பேறிக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 83.5 டெசிபல்தான் வரும். எச்.டி. 650 எழுப்பும் சத்தத்தை எழுப்ப அதற்கு 25 மடங்குக்கு மேல் மின்திறன் வேண்டும். அதனால்தான் அதைப் பலர் ஸ்பீக்கர் ஆம்ப்பின் முனைகளிலேயே நேராகச் சொருகிக் கேட்டார்கள். அது நியாயமான செலவு. காதுக்குள் செருகும் சின்ன ரகங்களுக்கு நேர் எதிரான தொல்லை. இம்பீடன்ஸ் பத்து ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே இறங்கும். பலமான ஆம்ப்பில் சொருகினால் பாட்டுக்கு முன்னால் உஸ்ஸென்ற இரைச்சல்தான் கேட்கும்.

இதையெல்லாம் பாமரருக்கும் புரியும்படி இணையத்தில் விளக்கியவர் ‘என்.டபிள்யூ.ஏ.வி.கய்’ என்ற புனைபெயர்க்காரர். ஆம்ப்பின் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது என்ற விதியைப் பரப்பியவர். 2011-இல் ‘ஓ2’ என்ற எளிய ஆம்ப்பின் வரைபடத்தைக் காசு வாங்காமல் வெளியிட்டார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். அரை ஓம்தான் இம்பீடன்ஸ். பெரிய விலை ஆம்ப்களை அளந்து போட்டுச் சண்டை வளர்த்துவிட்டு, 2012-இல் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தார். யாரென்று ஊருக்குத் தெரியாமலே போயிற்று. ஆடியோ உலகில் எனக்குப் பிடித்த மனிதர்.

ஹெட்போன் பக்கமும் விலையை நம்பி ஏமாறக் கூடாது. யெரோன் பிரேபார்ட் 2017-இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எந்த ஸ்தாயி எவ்வளவு ஒலிக்கிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது அதன் முடிவு. ஆனாலும் ஹெட்போனுக்கு ஹெட்போன் ஒலி மலையளவு மாறும். ஒழுங்காகச் செய்த ஆம்ப்புக்கு ஆம்ப் கடுகளவு. கேபிளைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எனவே பத்தில் ஒன்பது பங்கு பணம் ஹெட்போனுக்குப் போகட்டும். காதில் வைத்துக் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்பில் பார்க்க வேண்டியது இரண்டு: இம்பீடன்ஸ் ஓரிரு ஓமுக்குள் இருக்கிறதா, உங்கள் ஹெட்போனுக்குத் தேவையான வோல்டேஜ் வருகிறதா. வால்வின் செம்மஞ்சள் வெளிச்சம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு ஆம்ப்பை ஒப்பிட்டுக் காட்டும் கடைக்காரரிடம், வால்யூமை மீட்டர் வைத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.