ஒரே பாட்டு போதும்

டிஸ்கோ பற்றி எழுதுகிறவர்கள் டோனா சம்மர், பீ ஜீஸ், ஷிக் என்று நாலைந்து பெயர்களுக்கு மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே பாட்டால் ஊர் உலகத்தை ஆடவைத்துவிட்டு மறைந்தவர்களுக்கு மிஞ்சுவது ‘ஒன் ஹிட் வொண்டர்’ என்ற கேலிப் பட்டம்தான். அந்த விசித்திரமான பாடல்கள் மீது ரசிகர்களுக்கு இன்றும் இருக்கும் பிரியத்தை பழைய நினைவின் மயக்கம் என்று தள்ளிவிடுவது தவறு. இசைத்துறை வழக்கமாக உள்ளே விடாத ஆட்களுக்கு டிஸ்கோ சில ஆண்டுகள் கதவைத் திறந்துவைத்தது. அதன் பலன்தான் இந்தப் பாடல்கள்.

1974-இல் வந்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். பாடியவர் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ். தயாரித்தவர் பெங்களூரில் பிறந்து லண்டனுக்குப் போன பிட்டு அப்பையா. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக, ஸ்டுடியோ நேரம் முடியப்போகும் கடைசிப் பத்து நிமிடத்தில் பதிவான பாட்டு அது. மறுபக்கம்தானே என்று யாரும் கட்டுப்பாடு விதிக்கவில்லை. சண்டைக் காட்சியில் அடி விழும்போது எழும் ‘ஹூ’, ‘ஹா’ கூச்சல்களையே தாளமாக்கிவிட்டார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது. சீனர்களைக் கேலிச்சித்திரமாக்கும் தேய்ந்துபோன மெட்டுத் துணுக்கு அதில் இருக்கிறது என்ற குறை நியாயமானது. பாட்டைப் பிடிக்கும் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு ஜமைக்காக்காரரும் ஒரு பெங்களூர்க்காரரும் சேர்ந்து அன்றைய லண்டனில் உலகப் புகழ்பெற வேறு எந்த இசை வகை வழிவிட்டிருக்கும்?

இவையெல்லாம் வெறும் வித்தை, கலை இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். ரிக் டீஸின் ‘டிஸ்கோ டக்’ போன்ற வாத்துக் குரல் பாட்டைக் காப்பாற்ற நான் வரவில்லை. 1976-இல் அதுவும் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது என்பதற்காக நல்ல பாட்டாகிவிடாது. ஆனால், 1979-இல் வந்த ‘ரிங் மை பெல்’ அப்படியல்ல. பாடிய அனிட்டா வார்ட், மெம்பிஸைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. ஃபிரெடரிக் நைட் முதலில் அதைத் தொலைபேசியில் அரட்டையடிக்கும் பதின்வயதினரின் பாட்டாக, ஒரு சிறுமிக்காக எழுதியிருந்தார். பிறகு அனிட்டாவுக்காக வரிகளை மாற்றினார். மின்னணு மேளத்தைத் தட்டியதும் மேலிருந்து வழுக்கி விழுவதுபோல் ‘பியூ’ என்று ஓர் ஒலி வரும். அதன் மேல் அனிட்டாவின் உயர்ந்த, மெல்லிய குரல் அவசரமே இல்லாமல் மிதக்கும். எங்கே நிறுத்த வேண்டும், எதைச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்தவர்களின் வேலை அது.

திறமை இருந்தால் இரண்டாவது வெற்றி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ இசையை டிஸ்கோவாக்கி 1977-இல் மூலத்தையே முந்திய மீக்கோ, அதற்கு முன்பே குளோரியா கேய்னரின் பாடல்களுக்குப் பின்னணியில் உழைத்த டிராம்போன் கலைஞர். திறமைக்குக் குறைவில்லை. டிஸ்கோ, தயாரிப்பாளர்களின் கையில் இருந்த தொழில்; பாடகரின் பெயரை வளர்ப்பது அங்கே யாருடைய வேலையும் அல்ல. காலமும் கைவிட்டது. 1979 ஜூலை முதல் வாரத்தில் அனிட்டாவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அதே மாதம் 12-ஆம் தேதி சிகாகோ பேஸ்பால் மைதானத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் தூண்டுதலில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. கறுப்பினத்தவரும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் வளர்த்த இசை மீதான வெறுப்பும் அந்த வெடியில் கலந்திருந்தது. வானொலிகள் டிஸ்கோவைக் கைகழுவத் தொடங்கிய நேரத்தில் ஒரு புதுப்பாடகி அடுத்த பாட்டை எங்கே கொண்டுபோவார்?

பிட்டு மட்டும் ஓயவில்லை. 1980-இல் ‘குர்பானி’ படத்துக்காக நாஸியா ஹசனைப் பாடவைத்து, ‘ஆப் ஜைசா கோயி’ மூலம் டிஸ்கோவை இந்தியத் தெருக்களுக்கே கொண்டுவந்தார். நம் பண்பலை நிலையங்கள் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டை ஒலிபரப்பும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.